கையொப்பம் கேட்டு வந்த தாய்



2025ஆம் ஆண்டு தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. மாலைப் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜெபப் புத்தகத்தை விரித்து அமர்ந்திருந்தோம். திருவரங்கத்திலிருந்து ஒன்றாம் எண் பேருந்தில் காவிரிப் பாலம் கடந்து நம் கோயிலுக்குப் பூசை காண வரும் ஒரு தாயும், அவருடைய இருபத்திரண்டு வயது மகனும் அறை வாயிலில் வந்து நின்றார்கள். மகனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. தாயின் கையில் ஒரு மஞ்சள் துணிப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் காகிதங்கள். முன்னாளில் நகையைச் சுற்றி வைப்பதுபோல் அவற்றைச் சுற்றி வைத்திருந்தார்.

“சாமி, ஒரு கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்” என்றார்.

நமது மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தக்க செயலிகளுடன் கூடிய திறன்பேசியை விலையின்றி வழங்கி வருவதை வாசகர்களுள் சிலர் அறிந்திருக்கலாம். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசித்துச் சொல்லும் ஏற்பாடு அதில் உண்டு. பார்வையற்ற ஒருவனுக்கு அது தொலைபேசி மட்டுமன்று. கடிதம் வாசித்துக் காட்டும் ஆளும் அதுவே, பேருந்தின் பெயர் சொல்லும் துணையும் அதுவே. ஆயினும் கேட்டவர்க்கெல்லாம் அது கிடைப்பதில்லை. பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும்; கல்லூரியில் பயில்பவராகவோ, தனியாரிடம் பணிபுரிபவராகவோ, சுயதொழில் செய்பவராகவோ இருக்க வேண்டும்; அதற்குச் சான்று வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார் அட்டை, குடும்ப அட்டை, புகைப்படம் ஆகியவையும் வேண்டும். இந்த இளைஞன் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டான். வேலை கிடைக்கவில்லை. படிப்பும் இல்லை, பணியும் இல்லை என்ற அந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தான்.

“மகன் கோயிலில் வேலை பார்க்கிறான் என்று சாமி எழுதிக் கொடுத்தால் போதும்” என்றார் தாய்.

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. பங்குக் குருவின் முத்திரைக்கு ஊரில் ஒரு மதிப்பு உண்டு. அதை நாம் சம்பாதிக்கவில்லை. நமக்கு முன் இருந்த குருக்கள் பொய்யெழுத மறுத்துச் சேர்த்து வைத்த மதிப்பு அது. அதிலிருந்து எடுத்துச் செலவு செய்ய நமக்கு உரிமையில்லை. ஆகவே, “அம்மா, இல்லாத வேலையை இருக்கிறது என்று எப்படி எழுதுவது?” என்று கேட்டோம்.

தாய் ஒன்றும் பேசவில்லை. மகன்தான் மெல்லிய குரலில், “மூன்று வருடமாக ஞாயிறு காலைப் பூசைக்கு நான்தானே சாமி ஆர்மோனியம் வாசிக்கிறேன்?” என்றான்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. ஞாயிறு பூசை, மாதாந்திர ஆராதனை, திருமணங்கள், அடக்கப் பூசைகள் அனைத்திற்கும் அவன் வாசித்தான். திருமண வீட்டார் சிலர் ஐம்பதோ நூறோ கையில் வைப்பார்கள். பங்கிலிருந்து ஒரு காசும் கொடுத்ததில்லை. “கோயில் பிள்ளைக்குச் சம்பளம் உண்டு, வாட்ச்மேனுக்குச் சம்பளம் உண்டு, குருடன் வாசித்தால் அது பக்தி” என்று நாம் எண்ணியிருந்தோம் போலும். வேலை உண்மையிலேயே இருந்தது, கூலிதான் இல்லை. பொய் எழுதமாட்டோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்த நாம், சற்றுக் குனிந்து உட்கார்ந்தோம்.

“அடுத்த வாரம் வாருங்கள்” என்று அனுப்பிவைத்தோம். அந்த வாரமே பங்குப் பேரவையின் நிதிக்குழுவைக் கூட்டி, இசைப்பணிக்கு மாத ஊதியம் என்று ஒரு தலைப்பைக் கணக்குப் புத்தகத்தில் திறந்தோம். உறுப்பினர் ஒருவர், கையொப்பத்துக்காகவா இந்த ஏற்பாடு என்று கேட்டார். கையொப்பம் கேட்டதால்தான் கடன் நினைவுக்கு வந்தது என்று உண்மையையே சொன்னோம். மார்ச்சு மாத ஊதியத்தைக் கொடுத்து, பற்றுச்சீட்டில் இளைஞனின் பெருவிரல் ரேகையைப் பெற்று, அதன் பின்னரே, அந்தத் தேதியிட்டு, பணிச்சான்று எழுதினோம். முந்திய மூன்று ஆண்டுகளைச் சான்றில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு ஊதியம் கொடுக்காதது நம் குற்றம். கொடுத்ததாக எழுதினால் குற்றம் இரண்டாகும்.

சான்று கிடைத்துவிட்டது, காரியம் முடிந்தது என்று நினைத்தோம். தொல்லை அங்கேதான் தொடங்கிற்று.

பெயர்! வாசகர்களே, நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் காகிதங்களில் பாதித் துன்பம் பெயரால் வருவது. அந்த இளைஞனின் பெயரை இங்கே கூறாது விடுகிறோம். எடுத்துக்காட்டாகச் சவரிமுத்து என்ற பெயரைக் கொள்வோம். சவேரியார் மேல் பக்திகொண்டு நம் முன்னோர் வைத்த அழகிய பெயர். ஞானஸ்நானப் புத்தகத்தில் சவரிமுத்து. பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் அதை நாகரிகப்படுத்திச் சேவியர் முத்து ஆக்கியிருப்பார். ஆதார் எடுத்த இளைஞர் ஆங்கிலத்தில் தம் செவிக்குப் பட்டவாறு ஓர் எழுத்தில் தொடங்குவார். மருத்துவச் சான்று எழுதியவர் வேறோர் எழுத்தில் தொடங்குவார். இவ்வாறே இராயப்பன் ஓரிடத்தில் பீட்டர், சின்னப்பன் ஓரிடத்தில் பால், அருளப்பன் ஓரிடத்தில் ஜான், சூசை ஓரிடத்தில் ஜோசப். நமக்கு இவையெல்லாம் ஒரே புனிதர். கணிப்பொறிக்கு இவர்கள் வெவ்வேறு ஆட்கள். ஆரோக்கியம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதலாம் என்று ஒருமுறை நம் உபதேசியார் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை போதவில்லை.

இதோடு தலைப்பெழுத்துத் தகராறு வேறு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துதான் உண்டு. வடநாட்டு வழக்கையோ மேல்நாட்டு வழக்கையோ பார்த்து அச்சிட்ட படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். அதில் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் பெயரை எழுதுவார்கள். அடுத்த பிள்ளைக்கு வெற்றிடம் விடுவார்கள். இருபது ஆண்டு கழித்து அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டார் என்பதற்குச் சான்று தேட வேண்டிவரும்.

நம் இளைஞனின் அடையாள அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஓரெழுத்து வேறுபட்டிருந்தது. ஓர் அலுவலகச் சாளரத்தில் இருந்தவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரை நாம் நோகவில்லை. ஓரெழுத்தை விட்டுக்கொடுத்தால் நாளைத் தணிக்கையில் அவர் பதில் சொல்லவேண்டும். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது, எங்கே போய் எப்படித் திருத்துவது என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அதற்குத் தணிக்கை இல்லை.

ஆகவே வாசகர்களுக்காக அதை இங்கே சொல்லி வைக்கிறோம். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இருமுறை மட்டுமே திருத்தலாம். பிறந்த தேதியை ஒரே முறை. எனவே அவசரப்பட்டு ஆதாரைத் திருத்த ஓடாதீர்கள். முதலில் எல்லாக் காகிதங்களையும் தரையில் பரப்பி வையுங்கள். பள்ளி இறுதிச் சான்றில் உள்ள பெயரே பெரும்பாலும் கடைசிவரை கூட வரும்; மற்றவற்றை அதற்கு இணங்கத் திருத்துவதே எளிது. எது குறைந்த செலவில் மாறுமோ அதை முதலில் மாற்றுங்கள். இந்த இளைஞனுக்கு ஆதாரைத் தொடாமல் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைத் திருத்தினோம், அதுவே போதுமாயிற்று.

இப்பொழுது பிறக்கும் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. முற்காலத்தில், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வருமுன், ஊரில் பிறப்புக்குச் சான்றாக நம் ஞானஸ்நானப் புத்தகமே பல இடங்களில் செல்லுபடியாயிற்று. அக்காலம் போயிற்று. 2023இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் தேதி முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கைக்கும், வாக்காளர் பட்டியலுக்கும், ஆதாருக்கும் பிறப்புச் சான்றே பிறப்புக்கு ஆதாரம் என்றாகிவிட்டது. பிறப்பைப் பதிவு செய்தபின் ஓராண்டுக்குள் குழந்தையின் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். ஞானஸ்நானத்துக்கு வரும்போது அந்தச் சான்றையும் எடுத்து வாருங்கள். குருவானவர் அதே எழுத்துகளில் புத்தகத்தில் எழுதட்டும். ஜோதிடம் பார்த்து எழுத்துக் கூட்டுவதும், ஞானத்தாய் ஒரு பெயர் பாட்டி ஒரு பெயர் என்று இரண்டு வைப்பதும் இருந்தால், வீட்டில் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் சீராயிற்று. அடுத்த தடை நகைப்புக்கும் வருத்தத்துக்கும் ஒருங்கே உரியது. இணைய வழியில் செய்யும் எந்த வேலைக்கும் கைப்பேசிக்கு ஒரு இரகசிய எண் வரும். அதைச் சொன்னால்தான் கதவு திறக்கும். அதாவது, தொலைபேசி வேண்டும் என்று விண்ணப்பிக்கத் தொலைபேசி வேண்டும். இளைஞனின் ஆதாரோடு இணைந்திருந்த எண், காலஞ்சென்ற அவனுடைய தாய்மாமனுடையது. அவர் இறந்தபின் அதற்குப் பணம் கட்டுவாரில்லை. தொண்ணூறு நாள் பயன்படாதிருக்கும் எண்ணை நிறுவனம் எடுத்துக்கொண்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். ஆகவே இளைஞனின் இரகசிய எண்கள் அத்தனை நாளும் யாரோ முகமறியாதவருக்குப் போய்க்கொண்டிருந்தன. பங்கில் விசாரித்தோம். அண்டை வீட்டார் எண், கடைக்காரர் எண், வெளிநாடு போய்விட்ட மகனின் எண் என்று கொடுத்தவர் பலர். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்பதை இன்றே பார்த்துவிடுங்கள்.

சரி, புதிய சிம் அட்டை வாங்குவோம் என்று தாய் தம் பெயரில் கேட்டார். அவருடைய தொழில் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுவது. திருச்சிராப்பள்ளியின் குடிசைத் தொழில்களில் இது பெயர் பெற்றது என்பதை வெளியூர் வாசகர்களும் அறிவர். முப்பது ஆண்டாகச் சாணைச் சக்கரத்தில் கல்லைப் பிடித்த விரலில் ரேகை எங்கே மிஞ்சும்? கருவியில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் ஏற்கவில்லை. இத்தகையோர் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 2017இல் எல்லாக் கைப்பேசி எண்களையும் ஆதாரோடு இணைத்தே ஆகவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை சுற்றறிக்கை விட்டது உண்மை. ஆனால் 2018 செப்டம்பர் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. வாக்காளர் அடையாள அட்டை முதலிய வேறு சான்றுகளைக் காட்டியும் சிம் பெறலாம். 2024 ஜனவரி முதல் காகித விண்ணப்பம் நின்று, கடையிலேயே படமெடுத்து மின்னணு முறையில் சரிபார்க்கிறார்கள். கடைக்காரர் ரேகை இல்லையேல் இல்லை என்று சொன்னால், பணிவாக, ஆனால் உறுதியாக, மாற்று வழியைக் கேளுங்கள். தாய்க்கு அவ்வாறே கிடைத்தது.

ஆனால் மகனுக்கு அவன் பெயரிலேயே ஓர் எண் வேண்டும் என்றபோது மறுபடியும் இடறிற்று. முகத்தைத் திரையிலுள்ள வட்டத்துக்குள் நிறுத்தி, சொல்லும்போது கண்ணை இமைக்க வேண்டுமாம். திரையையே காணாதவன் வட்டத்தை எங்ஙனம் காண்பான்? கடைக்காரப் பையன் நல்லவன். அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் களைத்துப்போனான்.

அந்நாள்களில்தான், 2025 ஏப்ரல் 30ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று. அமில வீச்சில் முகமும் கண்ணும் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூன் என்ற பெண்மணி, வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றபோது கண்ணிமைக்க இயலாததால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். பார்வையற்ற வழக்கறிஞரான அமர் ஜெயின் என்பவரும் தனியே வழக்குத் தொடுத்திருந்தார். நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் இரண்டு வழக்குகளையும் சேர்த்துக் கேட்டு, மின்னணு வசதிகளை அணுகும் உரிமை வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறி, மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவாறு இந்தச் சரிபார்ப்பு முறைகளை மாற்றி அமைக்க இருபது கட்டளைகள் பிறப்பித்தார்கள். செய்தித்தாளில் இதைக் கண்டதும் வெட்டி எடுத்து இளைஞனிடம் வாசித்துக் காட்டினோம். “இமைக்க முடியாதவர்கள் என்னைப்போல் வேறு ஆட்களும் இருக்கிறார்களா சாமி?” என்றான். அடுத்த நாள் வேறொரு கடையில் பொறுமையுள்ள ஒரு பெண்பிள்ளை அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, நான்காம் முறையில் முடித்துக்கொடுத்தது. அதற்குள் தீர்ப்பு அந்தக் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும் என்று நாம் நம்பவில்லை.

இந்த இடத்தில் இன்னொரு சங்கதி. முதல் கடையில் காரியம் நடவாதபோது, வெளியே நின்ற ஒருவர் தாயிடம், “என் பெயரில் ஒன்று இருக்கிறது, இருநூறு ரூபாய்க்குத் தருகிறேன்” என்று சொல்லியிருக்கிறார். தாய் வாங்கவில்லை, தேவ கிருபை. ஒருவர் பெயரில் ஒன்பது எண்கள் வரை இருக்கலாம் என்பதால் சிலர் இதை வியாபாரமாக்கியிருக்கிறார்கள். 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி, ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் காணலாம். வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இத்தனை காகிதம் எதற்கு என்று வாசகர்கள் சலிக்கக்கூடும். நமக்கும் சலிப்பு உண்டு. நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், சத்திரம் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. இரவில் கட்டணம் குறையும் வேளையில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவோம். அக்கூண்டுகளை ஒதுக்குவதில் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை தந்தார்கள். அதை நடத்தியவர் இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியவர். தமக்குக் கூண்டு ஒதுக்கிய அரசாணைக் கடிதத்தைச் சட்டமிட்டு, தம் குலதெய்வப் படத்தின் பக்கத்தில் மாட்டியிருந்தார். “அதற்கு எத்தனை நாள் நடந்தீர்கள் அண்ணா?” என்று கேட்டதற்கு, “நடக்கிற காலா தம்பி இது? ஆனாலும் நடந்தேன்” என்றார். ஒரு குடும்பம் அந்தத் தாளால் வாழ்ந்தது. கைப்பேசி பரவியதும் கூண்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவர் பிறகு என்ன ஆனார் என்பதை நாம் விசாரிக்காமற் போனது இன்றும் மனத்தில் உறுத்துகிறது.

செல்வச் செழிப்புள்ள நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1985 முதல் ஏழைக் குடும்பங்களின் தொலைபேசிச் செலவில் ஒரு பகுதியை ஏற்கும் திட்டம் உண்டு. மாதம் ஒன்பதேகால் டாலர் தள்ளுபடி. ஒரு குடும்பத்துக்கு ஒன்றுதான். ஒரே கூரையின்கீழ் இரண்டு குடும்பம் இருந்தால் அதற்குத் தனிப் படிவம். ஏழ்மை மாறவில்லை என்று ஆண்டுதோறும் மறுபடி உறுதிசெய்ய வேண்டும். நம் நாட்டில் தொலைபேசி நிறுவனங்கள் தம் வருவாயில் ஐந்து விழுக்காட்டை ஒரு நிதிக்குச் செலுத்துகின்றன. 2002 முதல் இருந்துவரும் அந்நிதி இப்போது டிஜிட்டல் பாரத் நிதி எனப்படுகிறது. அது கோபுரங்களாகவும் கம்பி வடங்களாகவும் கிராமங்களுக்குப் போகிறது. ஏழை வீட்டின் மாதக் கட்டணத்தைக் குறைக்க வருவதில்லை. வந்தால் நல்லது என்பது நம் அபிப்பிராயம். வந்தால் அதற்கும் ஒரு படிவம் வரும் என்பதும் தெரியும்.

பொதுப்பணத்தைக் கொடுப்பவன் ஆளைச் சரிபார்க்கத்தான் வேண்டும். அகுஸ்து இராயனின் குடிக்கணக்குக்காக நிறைமாதத்தில் மாதா பெத்லகேமுக்கு நடக்க வேண்டியிருந்தது. நம் ஆண்டவரே ஒரு பதிவு முகாமின்போது பிறந்தவர். ஆனால் அந்த ஊரில் இடமில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள், தொழுவத்தைக் காட்டிய ஒருவரும் இருந்திருக்க வேண்டும். பங்குதோறும் வின்சென்ட் தே பவுல் சபையாரோ, மரியாயின் சேனையாரோ, படித்த இளைஞர்களோ இருவர், மாதத்தில் ஒரு ஞாயிறு பூசைக்குப்பின் மேசை போட்டு உட்கார்ந்து, காகிதங்களைப் பார்த்துச் சொன்னால் எத்தனை பேருந்துக் கட்டணம் மிஞ்சும்! நம் பங்கில் தொடங்கியிருக்கிறோம். முதல் நாள் வந்தவர்களுள் கிறிஸ்தவரல்லாதார் பாதிப்பேர். அவர்களுக்கும் அதே நாற்காலிதான்.

திருவரங்கத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குமாகத் தாயும் மகனும் ஒன்பது முறை போய்வந்தார்கள். அதில் இருமுறை திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுவோடு. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு திறன்பேசி வந்தது. அதைக் கோயிலுக்கே கொண்டுவந்து, அன்றைய வாசகத்தை அதன்வழியே நமக்கு வாசிக்க வைத்தான். உச்சரிப்பு அவ்வளவு நன்றாயில்லை. நம் இளங்குருக்கள் சிலர் வாசிப்பதைவிட மோசமில்லை.

ஜனவரி மாத நிதிக்குழுக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்பட்டபோது, முன்பு கேள்வி கேட்ட அதே உறுப்பினர் எழுந்து, “சாமி, போன்தான் வந்துவிட்டதே, இனி அந்த இசைப்பணி ஊதியத்தை நிறுத்திவிடலாமா?” என்று கேட்டார். பிப்ரவரிக்கு உரியதையும் அதே கூட்டத்தில் எழுதிக் கையொப்பமிட்டோம்.